மொழிபெயர்ப்புக் கூலி

பார்க்கிங், லண்டன்
08.02.2009

அன்புள்ள தங்கச்சி நாகேஸ்வரிக்கு,

கடையில் வேலை செய்கிற ஏழு பேருக்கும் இந்த மாதம் முதல் வைத்தியக் காப்புறுதி எடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நானும் நிர்மலாவும் சுகம். நீயும் மச்சானும் அப்படியே இருக்கவேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். தை மாதத்திலிருந்து போன் எடுத்தால் வன்னிச் செய்திதான். இங்கே நிர்மலா தன் தம்பியை நினைத்து அழுகிறாள், அங்கே நீ அழுகிறாய், போன் கார்ட்டில் காசு முடிந்துபோகிறது. ஒருவரை ஒருவர் எப்படி என்று கேட்க மறந்துவிடுகிறோம். ஆகவே வீட்டுப் புதினங்களுக்கு இனிக் கடிதம்.

இங்கே அரசாங்க வைத்தியம், என்.எச்.எஸ்., இலவசம்தானே, பிறகு எதற்கு இன்சூரன்ஸ் என்றும் கேட்பாய். இலவசம்தான். ஆனால் ஆள் வேலைக்கு வராமல் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற நாள் என் தலையில்தான் விழுகிறது. ஞானேஸ்வரன் என்று ஒரு ஏஜென்ட், ஆறு மாதமாகக் கடைக்கு நடந்து இதை விற்றுவிட்டான். வருடத்துக்கு ஒரு தடவை நேர்ஸ் கடைக்கே வந்து எல்லோரையும் சோதிப்பா. வருமுன் பார்க்கிற சோதனை என்பதால் அதற்குத் தனிக் காசு இல்லை. ஆனால் விதி என்னவென்றால், ஏற்கனவே ஆளுக்கு ஏதாவது நோய் வருத்தம் இருந்தால், சேர்ந்து இரண்டு வருடம் போகும்வரை அந்த வருத்தத்துக்கு ஒரு சதமும் தரமாட்டார்கள்.

"பழுதில்லாத வெங்காய மூட்டையை மட்டும் பொறுக்கி எடுக்கிற வியாபாரம்" என்றேன்.

"ஓம் அண்ணை, நீங்களும் அப்பிடித்தானே எடுக்கிறியள்" என்றான். கையெழுத்து வைத்தேன்.

பொங்கலுக்கு எடுத்த படம் கிடைத்தது. தலைமயிரை ஏன் இப்படிக் கட்டையாக வெட்டினாய்? பொலிஸ்காரி மாதிரி இருக்கிறாய்.

அண்ணன்
புவனேந்திரன்

---

ஹாம், ஜெர்மனி
22.02.2009

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் எழுத்து முன்னைவிடக் கோணல். இங்கே குளிர் போகவில்லை. நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் காப்புறுதி விதியை இவருக்கு வாசித்துக் காட்டினேன். இங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். நீங்கள் இங்கிருந்து போய் ஒன்பது வருடமாகிறது, உங்களுக்குத் தெரியாது. இப்போது டொக்டரிடம் போனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பத்து யூரோ கட்டவேண்டும். வருமுன் சோதனைக்கு வந்தேன் என்றால் அந்தப் பத்து யூரோ இல்லை. இந்த இடம் நோகிறது என்று வாய் திறந்தால் வைக்கவேண்டும். எங்களுடைய ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சும்மா சோதிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு போய், டொக்டர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். பத்து யூரோவுக்காக.

எனக்கு முதியோர் இல்லச் சலவையில் வேலை மாற்றிவிட்டார்கள். இனி ஈர மூட்டை தூக்கத் தேவையில்லை, துவாய் மடிக்கிற மேசை. மேசை வேலை இலகு. தலைமயிர் வளரும்.

ஏழு பேருக்கும் சோதனை என்கிறீர்கள், முதலாளிக்கு இல்லையா?

தங்கை
நாகேஸ்வரி

---

பார்க்கிங்
15.03.2009

அன்புள்ள நாகேஸ்வரி,

நீ சுகம் என்று எழுத மறந்துவிட்டாய். நானே எழுதிக்கொள்கிறேன்: இரண்டு வீட்டிலும் எல்லோரும் சுகம்.

வேலையை மாற்றினார்களா, நீ கேட்டு மாற்றினாயா? சம்பளம் குறைத்தால் சும்மா விடாதே. தொழிற்சங்கத்தில் போய்ச் சொல்.

நேர்ஸ் ஏப்ரல் பிற்பகுதியில் வருகிறா. இங்கிலீஸ் ஓடாத ஆட்கள் இருந்தால் மொழிபெயர்க்க ஒருவரை ஒழுங்கு செய்யும்படி காகிதத்தில் இருக்கிறது. அது காப்புறுதிக்குள் அடங்காதாம். என் கடையில் இங்கிலீஸ் ஓடாத ஆள் ஒருத்திதான், றோஸ்மலர். மன்னார்ப் பக்கம், வேதக்காரர். நாற்பத்தேழு வயது. புருசன் இல்லை. மகன் கொட்வின் காலேஜில் படிக்கிறான். மிளகாய்த்தூள் பக்கெட் கட்டுவதில் அவளைப்போல ஒரு ஆளை நான் லண்டனில் காணவில்லை. வாயும் அந்தத் தூள் போலத்தான். போன கிழமை தராசு பிழை என்று ஒரு கிழவர் சண்டைக்கு வந்தார். "ஐயா, தராசு சரி, உங்கட மனம்தான் இருபது கிராம் கூட" என்று அனுப்பிவிட்டாள்.

வட லண்டன் எட்மண்டனில் பியற்றிஸ் என்று ஒரு பிள்ளை ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்க்கிறது. விசாரித்தேன். மணிக்கு இருபத்தெட்டுப் பவுண், குறைந்தது இரண்டு மணித்தியாலம். "பிள்ளை, எனக்கு ஜெர்மனும் தெரியும், இங்கிலீசும் தெரியும், தமிழ் தாய்ப்பாலோடை வந்தது. இருபது எண்டால் வாரும்" என்றேன். வைத்துவிட்டாள். நானே செய்துகொள்கிறேன்.

அண்ணன்

---

ஹாம்
29.03.2009

அன்புள்ள அண்ணைக்கு,

ஒரு பொம்பிளைக்கு நீங்களா மொழிபெயர்க்கப் போகிறீர்கள்? அண்ணியைச் செய்ய விடுங்கள். இல்லையென்றால் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். காசைப் பார்க்காதீர்கள்.

கைக்கு அலுப்பு. இவ்வளவுதான் எழுத ஏலுகிறது.

நாகேஸ்வரி

---

பார்க்கிங்
26.04.2009

அன்புள்ள நாகேஸ்வரி,

நாங்கள் இருக்கிறோம். நீ எழுதியதைப்போல எனக்கும் அதற்குமேல் எழுத வரவில்லை. கடைப் பெடியள் பாதிப்பேர் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஆர்ப்பாட்டத்தில் நிற்கிறார்கள். நிர்மலாவும் பகலில் அங்கேதான். கடையை மத்தியானம் திறந்து இருட்ட முன் பூட்டுகிறேன். வருகிற சனமும் அரிசியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறது, நான் ஏதோ செய்தி வைத்திருக்கிறவன் மாதிரி.

இந்த நிலைமையில் நேர்ஸ் வந்து போனா. நிர்மலா நிற்கவில்லை, நானே மொழிபெயர்த்தேன். மேலே கணக்கு அறையில் மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். பெடியள் ஐந்து நிமிடத்தில் இறங்கினார்கள். றோஸ்மலர்தான் இழுபட்டாள். நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் சிரி. சிரித்துக் கனகாலம்.

நேர்ஸ் கேட்டா, உடம்பில் எங்கேயாவது நோவோ புதிதாக ஏதுமோ இருக்கிறதா என்று. நான் கேட்டேன்:

"றோஸ்மலர், உமக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?"

"வருத்தம் இல்லாத சனம் இப்ப ஆர் முதலாளி?" என்றாள்.

"அதில்லையம்மா, உடம்புக்கு."

நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு மெல்லமாக, "நெஞ்சுக்குள்ள ஒரு கல்லு மாதிரிக் கிடக்கு முதலாளி. நத்தாருக்கு முன்னமே துவங்கினது. இப்ப பெருத்துப்போச்சு" என்றாள்.

அவளுடைய தமக்கையும் அந்தக் கிறிஸ்மசுக்கு முன்னம்தான் வன்னிக்குள் தொடர்பில்லாமல் போனது. இந்தக் கல் எனக்கும் இருக்கிறது, நிர்மலாவுக்கும் இருக்கிறது. "எல்லாருக்கும் கிடக்குத்தான் றோஸ்மலர். என்ன செய்யிறது" என்றேன். நேர்ஸிடம், ஊரில் சகோதரம், அதனால் கவலை, வேறு ஒன்றுமில்லை என்றேன். நேர்ஸ் திரும்பவும் கேட்டா. கவலைதான் என்று திரும்பவும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த மனுசி, பொம்பிளைகளின் மார்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாவே பார்! தானே தொட்டுப் பார்க்கிறவவா என்று கேட்கட்டாம். அதை நான் எப்படி றோஸ்மலரிடம் கேட்பது? அவளுக்கு வேறு ஏதோ கேட்கிற மாதிரி, "சாப்பாடு ஒழுங்காய்ச் சாப்பிடுறீரோ?" என்றேன். "ஓம்" என்றாள். நானும் "யெஸ்" என்றேன். எப்படி என் மொழிபெயர்ப்பு? ஐம்பத்தாறு பவுண் மிச்சம்.

அண்ணன்

---

ஹாம்
03.05.2009

அண்ணை,

சுகம் கேட்க நேரமில்லை. இதை வாசித்தவுடன் எழும்புங்கள்.

றோஸ்மலர் சொன்னது கவலை இல்லை. கல் என்றால் கல். பெருத்துப்போச்சு என்று சொன்னாளே, கவலை பெருக்கும் என்று யாராவது சொல்வார்களா? ஒரு மரியாதையான பொம்பிளை முதலாளிக்கு முன்னால் வேறு எந்தச் சொல்லில் அந்த இடத்தைச் சொல்லுவாள்? நெஞ்சு என்றுதான் சொல்லுவாள். வீட்டில் இருப்பது மகன். குடும்ப டொக்டர் ஜி.பி.யிடம் மகன்தான் மொழிபெயர்ப்பான், அங்கேயும் சொல்லியிருக்க மாட்டாள். உங்களுடைய நேர்ஸ் வருகிறா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அண்ணியிடம் சொல்லுங்கள். நாளைக்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். சோதித்து ஒன்றுமில்லை என்றால் என்னை விசரி என்று பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நாகேஸ்வரி

---

ஹாம்
31.05.2009

அண்ணை,

பதில் இல்லை. வைகாசி எப்படிப் போனது என்று எனக்கும் தெரியும், அதை எழுதவில்லை.

மூன்று தரம் போன் எடுத்தேன். இரண்டு தரம் நீங்கள் கடைக்குள் ஸ்பீக்கரில் போட்டீர்கள், பின்னால் தராசுச் சத்தமும் சனமும். அதற்குள் நான் எதைச் சொல்வது? மூன்றாம் தரம் அண்ணி எடுத்தா. தம்பியின் பெயரைச் சொல்லி அழுதா. நான் வாயெடுத்தேன். உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன மறுமொழி சொல்வது என்று விட்டுவிட்டேன். விட்டது பிழை.

கடித உறையின் வெளியிலேயே பெரிதாக எழுதுகிறேன், திறக்காமல் வைக்கமாட்டீர்கள். போன கடிதத்தையும் தேடி எடுங்கள்.

நாகேஸ்வரி

---

பார்க்கிங்
28.06.2009

அன்புள்ள நாகேஸ்வரி,

உறையில் "அண்ணை, றோஸ்மலருக்காகத் திறவுங்கோ" என்று நீ எழுதியதைத் தபால்காரப் பெடியனும் பார்த்திருப்பான். தமிழ் வாசிக்கத் தெரியாதவன், நல்ல காலம்.

மே மாதம் வந்த கடிதம் ஒன்றையும் நான் திறக்கவில்லை. உன்னுடையது, கவுன்சிலுடையது, எல்லாம் காசு மேசை லாச்சிக்குக் கீழே கிடந்தது. நிர்மலாவின் தம்பி இனி இல்லை என்று போனில் வந்தது. அதற்குப் பிறகு காகிதத்தையும் திறக்கக் கை போகவில்லை.

உன் இரண்டு கடிதத்தையும் ஒன்றாக வாசித்தேன். நிர்மலாவிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே மிளகாய்த்தூள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினார்கள். கனநேரம் கழித்து றோஸ்மலர் வெளியே வந்தாள். கண்ணில் தண்ணீர். தூள்தான் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

"நான் சொன்னனான்தானே முதலாளி" என்றாள்.

"ஓம் றோஸ்மலர்."

"நீங்கள் அந்த மனுசியிட்டை ஏதோ இங்கிலீசில சொன்னியள். அவ தலையாட்டினா. அப்ப ஒண்டும் பெரிசில்லையாக்கும் எண்டு நினைச்சன்."

நாகேஸ், அதுதான் நடந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட அவள் பயந்து வேறு யாரிடமாவது போயிருப்பாள். நான் சொன்னதால், படித்த நேர்ஸே பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டா என்று நம்பியிருந்திருக்கிறாள்.

அடுத்த நாள் நிர்மலா ஜி.பி.யிடம் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் கை வைத்துப் பார்த்த உடனேயே ஆஸ்பத்திரிக்கு எழுதினா. இரண்டு கிழமைக்குள் கூப்பிடுவார்கள் என்றா, ஒன்பதாம் நாளே கூப்பிட்டார்கள். ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அதுதான். நீ நினைத்ததுதான்.

ஞானேஸ்வரனிடம் கேட்டேன். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, நேர்ஸின்ரை பேப்பரில ஒண்டுமில்லை எண்டுதானே கிடக்கு. அது உங்களுக்கு வாய்ப்பு. இப்பதான் வந்தது எண்டு போட்டால் கொம்பனி கட்டும், தனியார் ஆஸ்பத்திரி, தனி அறை. நத்தாரைப் பற்றி மூச்சு விடாதேங்கோ. விட்டியள் எண்டால், காப்புறுதிக்கு முந்தின வருத்தம். ஒரு சதமும் வராது."

நான் வியாபாரி. ஒரு நிமிடம் மனம் போனது, பொய் சொல்லமாட்டேன். அவளுக்கு நல்லதுதானே என்றும் தோன்றியது. ஆனால் அந்தப் பேப்பரில் இருக்கிற "ஒன்றுமில்லை" யாருடைய சொல்? அவள் சொல்லவில்லை. நான் சொன்னது. அவள் வாயைப் பொத்தி நான் சொன்னதை வைத்து இன்னொரு தரமும் அவளுக்காக நானே சொல்வதா? கொம்பனிக்கு எழுதிவிட்டேன்: நேர்ஸ் கேட்டபோதே அவ சொன்னா, மொழிபெயர்த்தவன் பிழையாகச் சொன்னான், மொழிபெயர்த்தவன் நான். கட்டமாட்டோம் என்று மறுமொழி வந்துவிட்டது. என்.எச்.எஸ்.தான் செய்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். நான் நேரே கேட்டு விளங்காததை, எழுநூறு கிலோமீற்றருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒரு வரியில் நீ எப்படிப் பிடித்தாய்?

அண்ணன்

---

ஹாம்
05.07.2009

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்.

போன வருடம் பங்குனியில், குசினிக்குள் வைத்து இவரிடம் நானும் அதையேதான் சொன்னேன். நெஞ்சுக்குள் ஒரு கல் மாதிரிக் கிடக்கிறது என்று. "செத்துப்போன அம்மாவை நினைச்சுக் கவலைப்படாதையும்" என்று பிளேன்ரீ போட்டுத் தந்தார். நல்ல மனுசன். குடித்தேன். ஆனி மாதம்தான் வேறு சொல்லில் சொல்லத் துணிவு வந்தது. அதுவும் இவரிடம் இல்லை, டொக்டரிடம், ஜெர்மனில். ஜெர்மனில் சொல்ல வெட்கம் இல்லை அண்ணை. அது எங்கள் சொல் இல்லைத்தானே.

தலைமயிர் ஏன் கட்டை என்று கேட்டீர்கள். மருந்துக்குக் கொட்டித் திரும்ப முளைக்கிறது. வேலையை நான் கேட்டு மாற்றினேனா என்று கேட்டீர்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு இடது கை வீங்குகிறது, அதனால்தான் கடிதமும் கட்டை. இப்போது பரவாயில்லை என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போகிறேன். பத்து யூரோவை மேசையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் வாய் விட்டுச் சொல்கிறேன்.

உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபிக்காதீர்கள். அந்த நேரம் கடைக்குக் கடன் எடுத்து ஓடித்திரிந்தீர்கள். பிறகு சொல்லலாம் என்றால் ஊர் எரிந்தது. எரிகிற இடத்தில் என்னுடையதைக் கொண்டுவந்து வைக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

றோஸ்மலருக்கு என் நம்பரைக் கொடுங்கள். ஸ்பீக்கரில் போடவேண்டாம்.

நாகேஸ்வரி

---

பார்க்கிங்
19.07.2009

அன்புள்ள நாகேஸ்,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பொலிஸ்காரி என்று எழுதிய கையை என்ன செய்வது? கோபம் இல்லை. நிர்மலா கோபமாக இருக்கிறாள், உன்னிடம் இல்லை, மச்சானிடமும் என்னிடமும். இரண்டு ஆம்பிளைகளுக்கும் ஒரே மறுமொழிதான் தெரியுமாம், ஒருவர் தேத்தண்ணி போடுவாராம், மற்றவர் இங்கிலீஸ் பேசுவாராம்.

றோஸ்மலருக்கு ஒப்பரேசன் முடிந்தது. இனி மருந்து, பிறகு கதிர் பிடிப்பது. பிந்திய கிழமைகளால் என்ன ஆகியிருக்கும் என்று டொக்டரிடம் கேட்டேன். "இப்போது வந்ததைப் பார்ப்போம்" என்றா. நீ அவளோடு கதைத்த அன்று இரண்டு பேரும் என்ன பேசினீர்களோ, அடுத்த நாள் அவள் சோறு கேட்டுச் சாப்பிட்டாளாம். கொட்வின் சொன்னான்.

போன செவ்வாய் நிர்மலாவோடு போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து இருந்தாள். சம்பளக் கதை எடுக்கப்போனேன்.

"பொறுங்கோ முதலாளி. அண்டைக்கு அந்த நேர்ஸ் கேட்ட கேள்வி ஒண்டை நீங்கள் என்னட்டைக் கேட்கேல்லை. நாகேஸ்வரி அக்கா சொன்னவ. முதலில அதைக் கேளுங்கோ. பிறகு சம்பளம் கதைப்பம்."

நிர்மலா யன்னலைப் பார்த்தாள். உதவி இல்லை. முப்பது வருடமாக வாய் விற்றுச் சீவிக்கிறவனுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, நேர்ஸ் கேட்டதைக் கேட்டபடியே, சொல்லை விழுங்காமல் தமிழில் கேட்டேன்.

"ஓம், தொட்டுப் பாக்கிறனான்" என்றாள். "தொட்டுப் பாத்துத்தான் சொன்னனான்."

பிறகு, "பாத்தீங்களே, வானம் இடிஞ்சு விழேல்லை" என்று சிரித்தாள். தையல் நொந்திருக்கும், பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டாள்.

எனக்கும் சோதனைக்கு நாள் எடுத்திருக்கிறேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதைக் கொம்பனி நேர்ஸிடம் சொல்லவில்லை, ஜி.பி.யிடம் சொல்லப்போகிறேன். நீ முதல் கடிதத்திலேயே கேட்டது ஞாபகம் இருக்கிறது.

உனக்கும் எனக்கும் இனி ஒரு ஒப்பந்தம்: உண்மை இல்லாவிட்டால் கடிதத்தில் சுகம் என்று எழுதுவதில்லை.

றோஸ்மலரோடு பேசி முடித்தது இது. அவள் திரும்பி வரும்வரை முழுச் சம்பளம். இடம் அவளுடையது, வேறு ஆள் போடுவதில்லை. வந்தபிறகு மூட்டை தூக்குவதில்லை, தராசு மட்டும். டொக்டரிடம் போகிற ஒவ்வொரு தரமும் பியற்றிஸ் கூடப் போவாள், வருகிற வருடம் நேர்ஸ் வந்தாலும் அவள்தான். செலவு என்னுடையது. மணிக்கு இருபத்தெட்டுப் பவுண், குறைந்தது இரண்டு மணித்தியாலம், எட்மண்டனிலிருந்து வந்துபோகிற காசு வேறு. பேரம் பேசவில்லை.

அண்ணன்
புவனேந்திரன்